ஆடுவோரும் காண்போரும்



நான் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடைபெறும். முன்பெல்லாம் அந்த நாளில் பால்மரக் காட்டிலிருந்து நேரே திடலுக்கு வந்து நிற்பவர்கள் பலர். லயத்து வீடுகள் காலியாகி, மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு திடலைச் சுற்றி நிற்போர் தொகை குறைந்துகொண்டே வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஓட்டப் பந்தயக் கோட்டில் நின்றிருந்த ஒரு சிறுவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “சார், பார்க்க யாருமே வரலையே, நான் ஓடினா யாருக்குத் தெரியும்?” என்று கேட்டான். அப்போது நான் அவனுக்குத் தக்க விடை கூறவில்லை. ஊதலை ஊதி, ஓட்டத்தைத் தொடங்கிவிட்டேன்.

ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் வென்றவர் யார், தோற்றவர் யார், எத்தனை புள்ளி என்றுதான் எழுதுகின்றனர். பார்த்தவர் எத்தனை பேர், ஏன் வந்தனர், பின்னர் ஏன் வராமல் போயினர் என்பதும் வரலாறுதான் அல்லவா? அந்த வரலாற்றுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்க நாட்டுச் சிறு கல்லூரிகளின் கூடைப்பந்து ஆட்டம். நம் நாட்டில் சீனப் பள்ளிகளின் முற்றங்களில் நாம் நாள்தோறும் காணும் அதே ஆட்டந்தான். அது பிறந்த நாட்டில் அதைக் காண வந்தோரின் கதையை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் இரண்டு சொற்களை விளக்கிவிடுகிறேன். ஒரு கல்லூரி தன் வளாகத்து அரங்கிலேயே மற்றொரு கல்லூரியை வரவழைத்து ஆடுவதைச் சொந்தக் களத்து ஆட்டம் என்போம். பிற ஊருக்குச் சென்று ஆடுவது வெளிக்களத்து ஆட்டம். சிறு கல்லூரி என்று நான் குறிப்பிடுவது, சில நூறு முதல் இரண்டாயிரம், மூவாயிரம் வரை மாணவர்கள் பயிலும் கல்லூரிகளை. இவற்றுள் பல சிறிய ஊர்களில், சமயச் சபைகளால் தொடங்கப்பட்டவை. ஊரே கல்லூரியை நம்பியிருக்கும். கல்லூரியும் ஊரை நம்பியிருக்கும்.

கூடைப்பந்து பிறந்ததே ஒரு சிறு கல்லூரியில்தான். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் கனடாவில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 30. வெளியே பனி. உள்ளே உடற்பயிற்சி செய்து சலித்துப்போன 18 மாணவர்கள். அவர்களுக்கு உள்ளரங்கில் ஆடத்தக்க ஒரு புதிய விளையாட்டை வகுக்குமாறு தலைவர் லூத்தர் குலிக் அவரைப் பணித்தார். நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை 10 அடி உயரத்தில், மாடத்துக் கம்பியில் அறைந்தார். பக்கத்துக்கு ஒன்பதின்மராக ஆடிய அந்த முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது. காண்போர் என்று சொல்லத்தக்க கூட்டம் அன்று இல்லை.

மூன்று மாதங்கள் கழித்து, 1892ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், பொதுமக்கள் முன்னிலையில் முதல் ஆட்டம் நடந்தது. மாணவர்கள் ஒரு பக்கம், ஆசிரியர்கள் ஒரு பக்கம். ஏறத்தாழ 200 பேர் வந்து பார்த்தனர். மாணவர்கள் 5க்கு 1 என்று வென்றனர். ஆசிரியர் தோற்பதைக் காண மாணவர்க்கு எந்த நாட்டிலும் விருப்பம் உண்டு போலும்!

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இன்று கூடைக்குப் பின்னே ஒரு பலகை இருப்பதைக் காண்கிறோம். பந்து மோதித் திரும்புவதற்காக அதனை வைத்தார்கள் என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. கூடைகள் மாடத்தில் தொங்கின. மாடத்தில் மக்கள் நின்றனர். தம் பக்கத்தார் எறிந்த பந்தைக் கூடைக்குள் தள்ளியும், எதிரியின் பந்தைத் தட்டிவிட்டும் அவர்களே ஆடத் தொடங்கிவிட்டனர்! அவர்கள் கையைத் தடுக்கவே கூடைக்குப் பின்னால் மறைப்பு வைக்கப்பட்டது. பார்வையாளர்தாம் ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அக்காலத்தில் காணும் உரிமை எல்லார்க்கும் ஒன்றாக இல்லை. ஸ்பிரிங்பீல்டுக்கு அருகே நார்தாம்ப்டன் என்னும் ஊரில் ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரி உள்ளது. அங்கே சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாண்டு மாணவியர்க்கும் இரண்டாம் ஆண்டு மாணவியர்க்கும் இடையே ஆட்டம் நடத்தினார். மாடம் முழுவதும் பெண்கள் நிறைந்திருந்தனர். பெண்கள் ஓடியாடுவதை ஆண்கள் பார்ப்பது தகாது என்பது அன்றைய எண்ணம். ஆகவே பொதுவாக ஆடவர் அனுமதிக்கப்படவில்லை.

ஸ்பிரிங்பீல்டில் பயின்றவர்கள் எங்கெங்குச் சென்றனரோ அங்கெல்லாம் இந்த ஆட்டமும் சென்றது. முதல் ஆட்டத்தில் ஆடிய 18 பேருள் ஒருவரான ரேமண்ட் கெய்ன் என்பவர் மினசோட்டா மாநிலத்து ஹாம்லின் கல்லூரிக்கு அதனைக் கொண்டுசென்றார். 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் ஹாம்லின் அணி வேளாண் பள்ளி அணியுடன் மோதியது. இரு கல்வி நிலையங்கள் தம்முள் ஆடிய முதல் ஆட்டம் என்று பலரும் குறிப்பிடுவது இதனைத்தான். ஆடிய இடமோ ஒரு கட்டடத்தின் தாழ்ந்த நிலவறை! அதே பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் இந்தியாவுக்கு வந்து, 1920ஆம் ஆண்டு சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். தமிழ்நாட்டின் உடற்பயிற்சி ஆசிரியர் பலருக்கு அது தாய்வீடு. நம் பள்ளிகளின் உடற்பயிற்சி வகுப்புக்கும் ஸ்பிரிங்பீல்டுக்கும் இவ்வழியே ஓர் உறவு உண்டு என்று எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

சிறு கல்லூரிகள் இந்த ஆட்டத்தை விரும்பியதற்குக் காரணம் எளிது. கால்பந்துக்குப் பதினொருவர் வேண்டும். பெரிய திடல் வேண்டும். கூடைப்பந்துக்கோ ஐவர் போதும். ஒரு மண்டபமும் ஒரு பந்தும் போதும். நூறு மாணவர் உள்ள கல்லூரியும் ஆயிரம் மாணவர் உள்ள கல்லூரியும் சமமாக நின்று ஆடலாம். மேலும் அது பனிக்கால ஆட்டம். அறுவடை முடிந்து, வயலில் வேலையற்று, இருள் விரைவில் சூழும் மாதங்களில் ஊர் மக்களுக்கு மாலை நேரத்தில் செல்லத்தக்க இடம், வெளிச்சமும் வெப்பமும் உள்ள கல்லூரி மண்டபந்தான். ஆட்டத்தைக் காண வந்தவர்கள் ஒருவரையொருவர் காணவும் வந்தனர்.

இப்படிச் சிறு மண்டபங்களில் வளர்ந்த ஆட்டத்தைப் பெருநகரம் கண்டுகொண்டது. நியூயார்க்கில் நெட் ஐரிஷ் என்னும் செய்தியாளர் இருந்தார். ஒரு கல்லூரியின் சிறிய மண்டபத்தில் கூட்டம் நெருக்கியடித்ததால் சன்னல் வழியே ஏறிக் குதித்து உள்ளே போனாராம். அப்போது அவருடைய காற்சட்டை கிழிந்ததாம். இத்தனை பேர் வர விரும்பும் ஆட்டத்தைப் பெரிய அரங்கில் நடத்தினால் என்ன என்று அவர் எண்ணினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், 1934ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் அவர் மேடிசன் சதுக்கத் தோட்டம் என்னும் பேரரங்கில் ஒரே இரவில் இரண்டு ஆட்டங்கள் நடத்தியது உண்மை. 16,000க்கு மேற்பட்டோர் திரண்டனர். அன்றிரவு பென்சில்வேனியாவைச் சேர்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் சிறு கல்லூரி, நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் அணியை 37க்கு 33 என்று வீழ்த்தியது.

சிறியவர் பெரியவரை வென்றது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த இரவு முதல் ஒரு மாற்றம் தொடங்கியது. ஆட்டம் வீட்டைவிட்டு வெளியேறியது. கல்லூரியின் மண்டபத்தில் இருந்தவர்கள் ஆடுபவனின் தாய், பக்கத்து அறைத் தோழன், கடைக்காரர், பாடஞ்சொல்லும் ஆசிரியர். பேரரங்கில் இருந்தவர்களுள் பலருக்கு ஆடுபவன் யாரென்றே தெரியாது. சிலருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் முடியும் என்பதுதான். ஏனெனில் அவர்கள் அதன்மேல் பந்தயம் கட்டியிருந்தனர். இதன் விளைவு 1951ஆம் ஆண்டு வெளிப்பட்டது. பணம் வாங்கிக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடியதாக ஆட்டக்காரர் பலர் பிடிபட்டனர். அதற்கு முந்திய ஆண்டு நாட்டின் இரு பெரும் போட்டிகளையும் வென்ற நியூயார்க் நகரக் கல்லூரியின் ஆட்டக்காரரும் அவர்களுள் இருந்தனர். கல்லூரிகள் பலவும் தங்கள் வளாகத்து அரங்குகளுக்குத் திரும்பின.

இதற்கிடையே சிறு கல்லூரிகள் தமக்கென ஒரு களம் அமைத்துக்கொண்டன. 1937ஆம் ஆண்டு கன்சாஸ் நகரில் எமில் லிஸ்டன் என்னும் பேக்கர் பல்கலைக்கழகப் பயிற்றுநர், நெய்ஸ்மித்தின் துணையோடு, சிறு கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியைத் தொடங்கினார். முதலாண்டு 8 அணிகள். அடுத்த ஆண்டு 32 அணிகள்.

நேயர்களே, இனி நான் கூறப்போவது பார்வையாளரே இல்லாத ஓர் ஆட்டம். 1944ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. வட கரோலினா மாநிலத்து டர்ஹம் நகரம். அந்நாளில் அந்த மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடுவதற்குத் தடை. கறுப்பர் பயின்ற வட கரோலினா நீக்ரோ கல்லூரி என்பது அதன் அந்நாளைய பெயர். அதன் பயிற்றுநர் ஜான் மெக்லண்டன். இவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெய்ஸ்மித்திடமே பயின்றவர். ஆனால் நிறத்தின் காரணமாக அப்பல்கலைக்கழக அணியில் ஆட இடம்பெறாதவர். அவருடைய அணி வென்றுகொண்டேயிருந்தது. அதே ஊரில் இருந்த டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளை மாணவர் அணியும் வென்றுகொண்டிருந்தது. எவர் சிறந்தவர் என்று அறிய இரு தரப்பும் விரும்பின.

ஊர் மக்கள் தேவாலயத்தில் இருந்த நேரம் பார்த்து மருத்துவ மாணவர்கள் சுற்று வழியில் வந்து சேர்ந்தனர். மண்டபத்தின் கதவுகள் பூட்டப்பட்டன. உள்ளே ஆடுவோரும் நடுவரும் தவிர ஏறத்தாழ எவரும் இல்லை. செய்தியறிந்த மாணவர் சிலர் சன்னல் விளிம்பில் தொற்றிக்கொண்டு பார்த்தனர். செய்தி தெரிந்த ஒரு வார இதழ் நிருபர் எழுதமாட்டேன் என்று வாக்களித்து, அவ்வாறே எழுதாமலிருந்தார். மெக்லண்டனின் அணி 88க்கு 44 என்று வென்றது. அதன்பின் அவர்கள் செய்ததுதான் அருமை. இரு அணிகளையும் கலந்து, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பக்கத்தில் நின்று மீண்டும் ஓர் ஆட்டம் ஆடினர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அதனை அறியவில்லை. 1996ஆம் ஆண்டுதான் ஸ்காட் எல்ஸ்வர்த் என்னும் வரலாற்றாசிரியர் இதனை எழுதி வெளியிட்டார்.

பூட்டிய கதவு திறக்கச் சில ஆண்டுகள் ஆயின. கன்சாஸ் நகரப் போட்டியில் கறுப்பர் ஆடக்கூடாது என்ற விதி இருந்தது. 1947ஆம் ஆண்டு, தம் அணியின் கறுப்பின மாணவனை விட்டுவிட்டு வர மறுத்து, இந்தியானா மாநிலக் கல்லூரிப் பயிற்றுநர் ஜான் உடன் அழைப்பையே தள்ளினார். மறு ஆண்டு விதி நீக்கப்பட்டது. கிளாரன்ஸ் வாக்கர் என்னும் அந்த மாணவன் மக்கள் முன்னிலையில் ஆடினான். 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அப்போட்டியை வென்றது டென்னசி மாநிலத்துக் கறுப்பர் கல்லூரி ஒன்று. அதன் பயிற்றுநர் யார் தெரியுமா? பூட்டிய மண்டபத்தில் வென்ற அதே ஜான் மெக்லண்டன்தான்!

அடுத்து, ஒரு கல்லூரியையே கூட்டம் காப்பாற்றிய கதை. ஒஹாயோ மாநிலத்தில் ரயோ கிராண்ட் என்னும் கல்லூரி. 1952ஆம் ஆண்டில் அங்கு மாணவர் தொகை நூற்றுக்கும் குறைவு. பணமின்றி மூடும் நிலை. அதன் ஆட்ட மண்டபத்தில் நூற்றைம்பது பேர் அளவில்தான் அமரலாம். பன்றிப் பட்டி என்பது அதன் செல்லப் பெயர். அங்கு வந்து சேர்ந்த நெடிய மாணவன் பீவோ பிரான்சிஸ். 1953ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அவன் ஒரே ஆட்டத்தில் 116 புள்ளிகள் எடுத்தான். செய்தி நாடெங்கும் பரவியது. எதிரணி நான்காண்டுக் கல்லூரி அன்று என்பதால் அந்த எண்ணிக்கை பின்னர்ச் செல்லாது எனப்பட்டது. விட்டானா? 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஹில்ஸ்டேல் கல்லூரிக்கு எதிராக 113 எடுத்துக் காட்டினான்.

பயிற்றுநர் நியூட் ஆலிவர் கணக்குப் போட்டார். நூற்றைம்பது பேர் தரும் சீட்டுப் பணத்தால் கல்லூரி பிழைக்காது. ஆகவே பெருநகர அரங்குகளைத் தேடி அணியை அழைத்துச் சென்றார். அப்பயணத்தில் கிடைத்த வருவாய் கல்லூரியைக் காப்பாற்றியது. அது இன்றும் இயங்குகிறது. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிற்றூர் மக்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் போன்றவன் புகழ்பெற்ற காலத்தில், அவன் ஆடுவதைத் தங்கள் மண்டபத்தில் காணும் வாய்ப்பை இழந்தனர். கல்லூரி பிழைக்க அதுவே விலையாயிற்று. ஆலிவர் செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

இதற்கு மாறாக, கூட்டத்தைச் சொந்த ஊருக்கே வரவழைத்த கல்லூரியும் உண்டு. இந்தியானா மாநிலத்து எவன்ஸ்வில் நகரில் 1956ஆம் ஆண்டு ராபர்ட்ஸ் அரங்கம் திறக்கப்பட்டது. பத்தாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த அரங்கில் ஆடியது எவன்ஸ்வில் என்னும் சிறு கல்லூரி. ஆர்ட் மெக்கச்சன் என்னும் பயிற்றுநரின் கீழ் அது 1959, 1960, 1964, 1965, 1971 ஆகிய ஆண்டுகளில் சிறு கல்லூரிப் பிரிவில் வாகை சூடியது. நகர மக்கள் அரங்கை நிறைத்தனர். 1957 முதல் 1976 வரை அப்பிரிவின் இறுதிப் போட்டியும் அவ்வூரிலேயே நடந்தது. பின்னர்ப் பெரிய பிரிவுக்கு உயர்ந்த முதல் பருவத்திலேயே, 1977ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், அணியை ஏற்றிச்சென்ற விமானம் புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்து, அதில் இருந்த 29 பேரும் மாண்டனர். ஓர் ஊரே துக்கம் காத்தது. மறு ஆண்டு புதிய அணி ஒன்று அதே அரங்கில் இறங்கியது. மக்களும் மீண்டும் வந்தனர்.

இவ்வாறு வந்த கூட்டம் பல கல்லூரிகளில் பின்னர் ஏன் மெலிந்தது? முதற் காரணம் தொலைக்காட்சி. 1950களில் வீட்டுக்குள் நுழைந்த பெட்டி, பனியில் நடந்து போக வேண்டிய தேவையைக் குறைத்தது. 1979ஆம் ஆண்டு விளையாட்டுக்கென்றே ஒரு கம்பிவடத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின், பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்கள் இரவுதோறும் வீட்டுக்கே வந்தன. சிறு கல்லூரி தன் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு மட்டும் போட்டியிடவில்லை. நாட்டின் சிறந்த அணிகள் அனைத்தோடும் ஒரே மாலையில் போட்டியிட வேண்டியதாயிற்று. இரண்டாவது, நல்ல சாலைகளும் மோட்டார் வண்டிகளும். வார இறுதியில் மாணவர் வளாகத்தில் தங்குவது குறைந்தது. மூன்றாவது, இணையம். ஆட்டத்தை வீட்டிலிருந்தே கணினியிலும் கைப்பேசியிலும் காணும் வசதி வந்துவிட்டது. இதனைக் குறை என்று மட்டும் கூறிவிட முடியாது. ஆயிரம் மைல் தொலைவில் இருக்கும் தாய், முன்பு மகனின் ஆட்டத்தைக் கண்டதே இல்லை. இன்று ஒவ்வோர் ஆட்டத்தையும் காண்கிறாள். அரங்கில் ஓர் இருக்கை காலி. ஆனால் காணும் கண்கள் குறையவில்லை.

இங்கே ஆசிரியன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. வருகைக் கணக்கைப் பார்த்தவுடன் நம்பிவிடக் கூடாது. ஒரு கல்லூரி ஓராண்டில் 12 சொந்தக் களத்து ஆட்டங்கள் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். 11 ஆட்டங்களுக்கு 300 பேர் வீதம் வருகின்றனர். பரம எதிரியான பக்கத்துக் கல்லூரி வரும் நாளில் மட்டும் 3,000 பேர். மொத்தம் 6,300, சராசரி 525. ஆனால் 525 பேர் அமர்ந்திருந்த ஆட்டம் ஒன்றுகூட இல்லை! மேலும் சில இடங்களில் விற்ற சீட்டை எண்ணுவர். சில இடங்களில் நுழைந்த ஆளை எண்ணுவர். மாணவர்க்குச் சீட்டே இல்லாத இடங்களில் ஒருவர் கூட்டத்தைக் கண்ணால் அளந்து குத்துமதிப்பாக எழுதுவார். அத்துடன் விகிதத்தையும் நோக்க வேண்டும். 40,000 மாணவர் உள்ள பல்கலைக்கழகத்தில் 10,000 பேர் வந்தால் அது கால் பங்கு. 1,000 மாணவர் உள்ள கல்லூரியில் 500 பேர் வந்தால் அது பாதி. எது பெரிய கூட்டம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கூட்டம் எங்கும் மெலிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டா. 1973ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் உறுப்பினரை மூன்று பிரிவாக வகுத்தது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக உதவிச் சம்பளம் கிடையாது. படிக்க வந்தவனே ஆடுவான். அந்தப் பிரிவைச் சேர்ந்தவை மிச்சிகன் மாநிலத்தின் ஹோப், கால்வின் என்னும் இரு கல்லூரிகள். இரண்டும் டச்சுக் குடியேறிகளின் வழிவந்த சபைகளோடு தொடர்புடையவை. ஒரு மணி நேரத்துக்குள் சென்று சேரும் தொலைவு. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒன்றிலும் தம்பி மற்றொன்றிலும் படித்திருப்பான். 1997ஆம் ஆண்டு ஜனவரியில் அவை கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் மோதியபோது 11,442 பேர் கூடினர். இந்தியானாவின் டெய்லர் பல்கலைக்கழகத்தில் டிசம்பர் மாதத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்கள் அணி பத்தாவது புள்ளியை எடுக்கும்வரை அரங்கு நிறைந்த கூட்டம் வாய் திறவாது. பந்து விழும் ஓசை மட்டும் கேட்கும். பத்தாம் புள்ளி விழுந்ததும் அரங்கமே அதிரும். ஐயோவா மாநிலத்துக் கிரின்னல் கல்லூரியில் 2012ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஜாக் டெய்லர் என்னும் மாணவன் 138 புள்ளிகள் எடுத்து, பீவோ பிரான்சிஸின் 113ஐத் தாண்டினான். அதுவும் சொந்தக் களத்தில்தான்.

பார்வையாளர் இல்லா ஆட்டம் மீண்டும் ஒருமுறை வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அரங்கில் யெஷிவா அணியும் வூஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி அணியும் மோதின. கொரோனா நோய் பரவத் தொடங்கியதால் மக்கள் அனுமதிக்கப்படவில்லை. பெற்றோர்கூட வெளியேதான். ஆறு நாட்களில், மார்ச் 12ஆம் நாள், போட்டி முழுவதுமே நிறுத்தப்பட்டது. டர்ஹம் நகரில் கதவைப் பூட்டிக்கொண்டு ஆடியதும் ஒரு மார்ச் 12ஆம் நாள் அல்லவா? 1944இல் கதவைப் பூட்டியது மனிதர் வகுத்த சட்டத்துக்கு அஞ்சி. 2020இல் பூட்டியது நோய்க்கு அஞ்சி.

இன்று சிறு கல்லூரிகளின் முன் நிற்கும் அச்சம் காலி இருக்கைகளைக் காட்டிலும் பெரிது. அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 2007ஆம் ஆண்டில் உச்சத்தை எட்டிப் பின் குறைந்தது. அவ்வாறு குறைந்து பிறந்த பிள்ளைகள் கல்லூரி வயதை எட்டும் காலம் இது. ஏற்கெனவே இல்லினாய் மாநிலத்து மெக்மரி கல்லூரி 2020இலும், மிச்சிகன் மாநிலத்துப் பின்லாந்தியா பல்கலைக்கழகம் 2023இலும் மூடப்பட்டன. கல்லூரி மூடப்பட்டால் ஊர் ஒரு கல்விக்கூடத்தை மட்டும் இழப்பதில்லை. பனிக்கால மாலையில் ஒன்றுகூடும் இடத்தையும் இழக்கிறது. பள்ளி மூடப்பட்ட தோட்டத்தைக் கண்ட நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இந்த வரலாற்றிலிருந்து நான் கற்றது ஒன்று. மக்கள் சிறந்த ஆட்டத்தைத் தேடி மட்டும் வருவதில்லை. சிறந்த ஆட்டம் இன்று கைக்குள்ளேயே கிடைக்கிறது. ஆடுபவனைத் தெரிந்தவர்கள், அவன் பெயர் சொல்லி அழைக்கக் கூடியவர்கள், அவர்கள்தாம் சிறிய இடத்துக்கு வருகின்றனர். அந்த அறிமுகம் இருக்கும்வரை நூற்றைம்பது இருக்கையும் நிறையும். அது அற்றுப்போனால் ஆயிரம் இருக்கையும் காலிதான்.

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். விளையாட்டு விழாவுக்கு அச்சிட்ட அழைப்பிதழ் அனுப்புவதை விடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் கைப்பட ஓர் அழைப்பு எழுத வேண்டும் என்றேன். பட்டணத்துக்குப் போய்விட்ட பாட்டிக்கு, இப்பள்ளியில் படித்த மாமனுக்கு, முன்பு இங்கே பால் வெட்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கு. “நான் இந்த ஓட்டத்தில் ஓடுகிறேன், பார்க்க வாருங்கள்” என்று இரண்டு வரி. திடல் பழையபடி நிறைந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆயினும் வந்தவர்கள் முந்திய ஆண்டைவிட மிகுதி. எண்ணிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். விற்ற சீட்டை அல்ல, வந்த ஆளைத்தான் எண்ணினேன்!

கேள்வி கேட்ட அந்தச் சிறுவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். சென்ற விளையாட்டு விழாவுக்கு அவனும் வந்திருந்தான். ஓடுவதற்கு அல்ல, தன் தங்கை ஓடுவதைக் காண்பதற்கு. கயிற்றுக்கு வெளியே நின்று, அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் தரவேண்டிய விடையை அவனே கண்டுகொண்டான் என்று எண்ணுகிறேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இவ்வாண்டு விளையாட்டு விழா நடக்கும். ஒரு நாள் காலைப் பொழுதை ஒதுக்கி, திடலுக்குச் சென்று நில்லுங்கள். அதுவே நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது.